கொதிக்க வைக்காத தேநீர்: ஒயிட் டீ, கிரீன் டீ, ஊலாங் பழகுவது எப்படி

வாழைப்பூவை ஆய்ந்தால் மோர் கலந்த தண்ணீரில் போடுவோம். கத்தரிக்காயை அரிந்தால் வெறும் தண்ணீரிலாவது போடுவோம். மறந்துபோய் வாசலில் யாரோடாவது பேசிக்கொண்டு நின்றால், திரும்பி வருவதற்குள் கறுத்திருக்கும். இது கைப்பழக்கமாகத் தெரிந்தவர்களுக்குத் தேயிலையில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி நெல்லிக்காயில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வாழைப்பூ ஏன் கறுக்கிறது? செடியின் ஒவ்வொரு செல்லிலும் பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையில் இருக்கின்றன. அவற்றை மாற்றக்கூடிய நொதி இன்னோர் அறையில் இருக்கிறது. அரியும்போதும் கசக்கும்போதும் நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலந்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேர, நிறம் பழுப்பாகிக் கறுக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஆக்சிஜனேற்றம் என்று படித்தது இதுதான். மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்குகிறது. கொதிநீரில் போட்டு எடுத்தால் நொதி செத்தே போகும், அப்புறம் கறுக்காது.

தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பதும் இதே கதைதான். ஒயிட் டீ, கிரீன் டீ, ஊலாங், நம் டீக்கடைத் தூள் எல்லாமே கமெலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் இலை. வகைக்கொரு செடி இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பறித்த இலையை எவ்வளவு கறுக்க விடுகிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வகையே பிரிகிறது.

டீக்கடைத் தூளில் கறுப்பதை நடுவில் நிறுத்துவதே இல்லை, முழுக்கக் கறுக்க விட்டுத்தான் உலர்த்துகிறார்கள். அந்த மணிமணியான தூளுக்கு சிடிசி என்று பெயர். பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை அது. 1930-ல் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் கொண்டுவந்தது. பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்கவேண்டிய டீக்கு அதுதான் சரி. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரமாக நின்று சாயங்காலம் குடிக்கிற டீயை நான் இன்னும் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் அந்தத் தூளுக்குச் செய்வதையே முழு இலைக்கும் செய்தால் இலை பாழ்.

அதை நான் செய்திருக்கிறேன். முதன்முதலில் வாங்கிய கிரீன் டீ இலையைத் தண்ணீரோடு பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்தேன். வேப்பங்கொழுந்துக் கஷாயம் மாதிரி வந்தது. தேன் விட்டும் தொண்டையில் இறங்கவில்லை. பாக்கெட்டை மூடி அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன். குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பாதிரிப்புலியூர் வந்தபோது அதை எடுத்துப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி முகர்ந்து பார்த்தார்.

"இலை நல்ல இலைதாம்மா. நீ தண்ணியக் கொஞ்சம் ஆற விட்டிருக்கணும்."

"அப்போ இதுக்கு அடுப்பே வேண்டாமா பெரியப்பா?"

"தண்ணிக்கு அடுப்பு வேணும். இலைக்கு வேண்டாம்."

அன்று அவர் காபி டபராவில் தண்ணீரை ஆற்றிப் போட்டுக் கொடுத்த அரை டம்ளர் கிரீன் டீயில் கசப்பே இல்லை. அதே பாக்கெட், அதே இலை.

கிரீன் டீயில் இலை பறித்த கையோடு சூடு காட்டி நொதியைக் கொன்றுவிடுகிறார்கள். அதனால் பச்சை பச்சையாகவே நிற்கிறது. சீனாவில் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் போட்டுப் புரட்டுவார்கள். ஜப்பானில் ஆவியில் அவிப்பார்கள். கடாயில் வதக்கிய காய்க்கும் இட்லிப் பானையில் அவித்த காய்க்கும் என்ன வித்தியாசமோ, அதே வித்தியாசம் டம்ளரிலும் தெரியும். சீனாவின் ஹாங்சோ ஊரிலிருந்து வரும் லோங்ஜிங் என்ற கிரீன் டீ, சட்டியில் அழுத்தித் தட்டையாக்கிய இலை. பண்ருட்டி முந்திரியை இளஞ்சூட்டில் வறுக்கும்போது வருமே, அந்த வாசம் அதில் உண்டு. ஜப்பானின் செஞ்சாவில் முருங்கைக்கீரை கொதித்து வரும் வாசமும், இறால் வேகவைத்த தண்ணீரில் இருக்கும் ஒரு நிறைவான ருசியும் இருக்கும். அந்த ருசிக்குக் கைகொடுப்பது தியானின் என்ற அமினோ அமிலம். ஜப்பானியர்கள் 1949-ல் அதைத் தேயிலையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள்.

(ஏன் தமிழில் எழுதிக்கொண்டு கிரீன் டீ என்கிறேன் என்று கேட்கலாம். நீலகிரியில் பசுந்தேயிலை என்றால் செடியிலிருந்து பறித்துத் தொழிற்சாலைக்கு விற்கும் ஈர இலை. இரண்டையும் ஒரே பெயரால் சொன்னால் மலைக்காரர்களுக்குக் குழம்பும்.)

ஒயிட் டீயில் கொல்வதும் இல்லை, கசக்குவதும் இல்லை. வெண்ணிற மென்மயிர் படர்ந்த மொட்டுகளைப் பறித்து, இரண்டு மூன்று நாள் மெல்ல வாடவிட்டு உலர்த்துகிறார்கள். சீனாவின் பூஜியன் மாகாணத்தில் பூடிங், ஜெங்ஹே ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்போனவை. மொட்டு மட்டும் எடுத்தால் 'வெள்ளி ஊசி'; மொட்டோடு ஓரிரண்டு இலை சேர்ந்தால் 'வெள்ளைப் பியோனி'. வாடும் அந்த நாட்களில் நொதி சும்மா இருக்காது. கொஞ்சம் வேலை செய்துவிடும். ஆகவே கிரீன் டீயைவிட ஒயிட் டீ 'இன்னும் பச்சை' என்று சொல்லப்படுவது சரியில்லை. அதில் கஃபீன் குறைவு என்பதும் அப்படித்தான். இளமொட்டில் கஃபீன் நன்றாகவே உண்டு. இரவு எட்டு மணிக்குமேல் ஒயிட் டீ குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் விடிய விடிய விழித்திருந்த பிறகுதான் எனக்கு இது மனதில் பதிந்தது.

இனி ஊலாங். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

பழுத்த வாழைப்பழத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மட்டும் சற்று நேரத்தில் கறுக்கும், மற்ற இடம் அப்படியே இருக்கும். ஊலாங் செய்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். வாடிய இலையை மூங்கில் தட்டில் அல்லது உருளையில் குலுக்குவார்கள். இலையின் ஓரங்கள் ஒன்றோடொன்று மோதிக் காயப்படும். ஓரம் சிவக்கும், நடு பச்சையாக இருக்கும். பிறகு ஓய்வு. மறுபடி குலுக்கல், மறுபடி ஓய்வு. இரவெல்லாம் இலையை முகர்ந்து முகர்ந்து, பச்சை வாடை போய்ப் பூ வாசம் ஏறிவரும் நேரம் பார்த்துச் சூடு காட்டி நிறுத்துகிறார்கள். கிரீன் டீக்கு மிக அருகில் நிறுத்தினாலும் அது ஊலாங். கறுப்புத் தேயிலைக்கு ஓரடி முன்னால் நிறுத்தினாலும் ஊலாங். அதனால்தான் ஒருவர் ஊலாங் பிடிக்கவில்லை என்று சொன்னால், 'எந்த ஊலாங்?' என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பூஜியனின் அன்சி பகுதியிலிருந்து வரும் தியெகுவான்யின் இன்று பெரும்பாலும் பச்சை வாகிலேயே, அதாவது அதிகம் கறுக்க விடாமலேயே செய்யப்படுகிறது. மணிபோலச் சுருண்ட இலை. வெந்நீர் பட்டதும் அதிலிருந்து எழும் வாசம் எனக்கு மனோரஞ்சிதத்தை நினைவூட்டும். அதே மாகாணத்தின் வூயி மலைப் பாறைகளுக்கிடையே விளையும் இலையை நன்றாகக் கறுக்க விட்டு, கரிச்சூட்டில் வாட்டுகிறார்கள். அதில் பூ இருக்காது. வறுத்த பாசிப்பருப்பும் முற்றிய வெல்லப்பாகும் இருக்கும். தைவானில் இன்னொரு விந்தை. தத்துப்பூச்சி கடித்த இலையைத்தான் தேடிப் பறித்து ஒரு ஊலாங் செய்கிறார்கள். நெல்லில் பச்சைத் தத்துப்பூச்சியைக் கண்டால் நம் விவசாயிகள் பதறுவார்கள். அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று அங்கே தேயிலைக் கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, தன்னைக் காத்துக்கொள்ளச் செடி சில வாசனைப் பொருள்களை உண்டாக்குகிறது. பதப்படுத்தியதும் அதுவே தேன் வாசமாக மாறுகிறது. பூச்சி வரவேண்டுமென்றால் மருந்தடிக்க முடியாது. கிழக்கத்திய அழகி என்ற பெயரில் அது விற்கிறது. விலை அதிகம், வருடத்துக்கு ஒருமுறை வாங்கினால் உண்டு.

பூஜியனைப் பற்றி இன்னொன்று. தேயிலையின் 'தே' அந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பிய சொல். அங்கே பேசும் ஹொக்கியன் மொழியில் இதற்குப் பெயர் 'தே'. அங்கிருந்து கப்பலில் இலை வாங்கியவர்கள் பெரும்பாலும் 'தே' என்றார்கள். தரைவழியாகப் பெற்றவர்கள் 'சா', 'சாய்' என்றார்கள். இன்றைக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் வீட்டில் 'தே' என்று கேட்டால் தேநீர்தான் வரும்.

இப்போது நெல்லிக்காய்.

கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பாகற்காய் கசக்கும், நாவற்பழம் துவர்க்கும். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். தேநீர் குடிக்கப் பழகுபவருக்கு இதைவிடப் பெரிய முதலீடு கிடையாது. கேட்டிச்சின் போன்ற பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வழவழப்பை இழந்து இறுகுகின்றன. அதுதான் துவர்ப்பு. கஃபீனும் சில கேட்டிச்சின்களும் சேர்ந்து தருவது கசப்பு. நல்ல தேநீரில் துவர்ப்பு கொஞ்சம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உப்பில்லாத சோறு. ஆனால் அது வந்தவுடன் விலகவேண்டும். விலகும்போது தொண்டையில் ஓர் இனிப்பு ஊறும். சீனர்கள் இதை 'திரும்பி வரும் இனிப்பு' என்கிறார்கள். முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாருக்கு முதல்முறை ஊலாங் கொடுத்தபோது இதையெல்லாம் நான் சொல்லவே இல்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு அவளாகவே, "அண்ணி, நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்குமே, அது மாதிரி இருக்கு" என்றாள். நான் பல மாதம் வார்த்தை தேடிக்கொண்டிருந்த இடம் அது.

போடும் முறை முழுவதும் இந்தத் துவர்ப்பை அடக்கி வைக்கிற வேலைதான். தியானினும் வாசமும் மிதமான சூட்டிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். கேட்டிச்சினும் கஃபீனும் சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். கிரீன் டீயில் கேட்டிச்சின் மாறாமல் அப்படியே இருப்பதால் அதற்குச் சூடு குறைவாக வேண்டும்: 70 முதல் 80 டிகிரி செல்சியஸ். ஜப்பானிய இலை என்றால் இன்னும் ஐந்து டிகிரி குறைக்கலாம். ஒயிட் டீயின் மொட்டு கசங்காதது, மெல்லத்தான் சாறு விடும். 80 முதல் 90 வரை கொடுத்து நான்கைந்து நிமிடம் பொறுக்கவேண்டும். ஊலாங்கின் இறுகிய சுருள் விரிவதற்கு 90, 95 வேண்டும். கிரீன் டீக்கு ஒன்றரை இரண்டு நிமிடமும், ஊலாங்குக்கு மூன்று நிமிடமும் போதும். காபி டம்ளர் அளவு, அதாவது 150 மில்லி தண்ணீருக்கு இரண்டு அல்லது இரண்டரை கிராம் இலை. ஸ்பூன் கணக்கை நம்பவேண்டாம். சுருண்ட ஊலாங் ஒரு டீஸ்பூனிலேயே அந்த எடை வந்துவிடும். வெள்ளி ஊசி இரண்டு மேசைக்கரண்டி குவித்தாலும் பஞ்சு போல எடை நிற்காது. சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் கண்ணும் டபராவும் போதும். சீனாவில் பழங்காலத்திலிருந்து தண்ணீரின் சூட்டைக் குமிழியின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள்: இறால் கண், நண்டுக் கண், மீன் கண். கடலூர்த் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பாத்திரத்தின் அடியில் இறால் கண் அளவுப் பொடிக் குமிழி ஒட்டியிருந்தால் சுமார் 70. நண்டுக் கண் 80. மீன் கண் அளவில் மேலே எழுந்து வந்தால் 90-ஐ நெருங்குகிறது. நம் ஊர்த் தண்ணீரை ஒருமுறை முழுக்கக் கொதிக்க வைத்துவிட்டு ஆறவைப்பதே நல்லது என்பதால் நான் டபராவைத்தான் நம்புகிறேன். கொதித்த தண்ணீரை ஆறிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் எட்டிலிருந்து பத்து டிகிரி இறங்கும். அது ஊலாங்குக்கு. டம்ளரிலிருந்து டபராவுக்கு இன்னொரு முறை மாற்றினால் ஒயிட் டீக்கு. மூன்றாவது முறை ஆற்றினால் கிரீன் டீக்கு. நுரை வரத் தூக்கி ஆற்றவேண்டாம், அதில் கணக்கு தப்பும். இலையை ஊறவைப்பதற்கு மட்டும் பீங்கான் அல்லது கண்ணாடி நல்லது. சாற்றின் நிறம் தெரியும், உதடும் சுடாது. மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து மூடிவிடுங்கள்.

தேயிலைச் சோதனைக்கூடங்களில் கொதிநீரைத்தான் ஊற்றுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அதுவும் உண்மைதான். அதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்ற தரமுறை உண்டு: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். அங்கே நோக்கம் இலையின் குறையை வெளியே வரவழைப்பது. வீட்டில் குடிப்பதற்கு அதைப் பின்பற்றக்கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இத்தனையும் வீண். கடலூரிலும் புதுச்சேரியிலும் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறதென்றால் அந்தத் தண்ணீர் இந்த இலைகளுக்கு ஆகாது. வாசம் அமுங்கும், நிறம் மங்கிப் பழுப்படிக்கும், மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு ஏடு மிதக்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீயில் அது மறைந்துவிடும், இதில் மறையாது. எல்லாம் உருவி எடுத்த ஆர்ஓ தண்ணீரிலும் தேநீர் சப்பென்று இருக்கும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50-க்கும் 150-க்கும் நடுவே இருந்தால் எனக்குத் திருப்தி. ஒரே இலையை இரண்டு தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் குடித்துப் பாருங்கள். விலை கூடின இலை வாங்கும் யோசனையையே தள்ளிவைத்துவிடுவீர்கள்.

குடிக்கும்போது செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சத்தம் வர உறிஞ்சுங்கள். அண்ணாந்து குடித்தும், சத்தமில்லாமல் குடித்தும் வளர்ந்தவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது தேநீர் சிதறி, அதன் வாசம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த வாசம்தான்; சளி பிடித்தால் மீன் குழம்பும் சப்பென்று இருப்பது அதனால்தான். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அங்கே ஒரு வாசம் தனியாக வரும். அது எதை நினைவூட்டுகிறதோ அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பீச், ஆர்க்கிட், செஸ்ட்நட் எதையும் முகர்ந்து பழகாதவர் அந்தச் சொற்களைக் கடன் வாங்கினால் நாக்கு வளராது. என் நோட்டில் ஒயிட் டீக்கு நேரே 'மழை விட்ட மறுநாள் வைக்கோல், முலாம்பழத் தோல்' என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 'பனங்கிழங்கு வெந்த ஆவி'. அடுத்தமுறை அதே இலையைக் குடிக்கும்போது அந்தச் சொல் கதவைத் திறந்துவிடும்.

இலையை ஒருமுறை ஊறவைத்துவிட்டுக் கொட்டிவிடாதீர்கள். கிரீன் டீ இரண்டு முறை, ஒயிட் டீ மூன்று முறை வரும். ஊலாங்கை 100 மில்லிக்கு ஐந்து கிராம் என்று அதிகமாகப் போட்டு, இருபது இருபது நொடி மட்டும் ஊறவிட்டு வடித்தால் ஐந்தாறு முறை வரும். ஒவ்வொரு முறையும் வேறு பேச்சுப் பேசும். எனக்குப் பிடித்தது மூன்றாவது ஊற்று.

நம் கடற்கரைக் காற்றில் இலையைக் காப்பாற்றுவது தனிப் பாடு. தேயிலை ஈரத்தையும் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்த இலை பெருங்காயமாகும், கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கவேவேண்டாம். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், வெளிச்சம் படாமல், அடுப்பை விட்டுத் தள்ளி. ஒரே நேரத்தில் ஐம்பது கிராமுக்குமேல் வாங்காதீர்கள். கிரீன் டீ ஆறேழு மாதத்தில் வாசம் இறங்கிவிடும். ஒயிட் டீயைச் சீனாவில் வருடக்கணக்கில் பழுக்க வைத்துக் குடிக்கிறார்கள். ஐப்பசி மழையில் உப்புக்கூடத் தண்ணீர் விடும் நம் வீடுகளில் அதை முயற்சி செய்யவேண்டாம்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. எடை குறையும் என்று நம்பி இதில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ருசிக்காக வாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம். கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தேயிலையின் பாலிஃபீனால் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணிநேரமாவது விடுங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் சூடாக எதுவும் இறங்காத நாட்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு லிட்டர் குடிதண்ணீரில் ஏழெட்டு கிராம் கிரீன் டீயோ பச்சை வாகு ஊலாங்கோ போட்டு, மூடி, இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுப்பே வேண்டாம். குளிர்ந்த நீரில் துவர்ப்பு அதிகம் இறங்காது. வாசமும் தியானினின் நிறைவும் இறங்கிவிடும். காலையில் வடிகட்டி அன்றைக்குள் குடித்துவிடலாம்.

வடிகட்டிய ஊலாங் இலைகளில் ஒன்றை எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். சுருள் முழுக்கப் பிரிந்து, காம்போடு முழு இலையாகக் கிடக்கும். நடுவில் பச்சை, ஓரத்தில் செம்பழுப்புக் கரை. மூங்கில் தட்டில் குலுக்கியபோது பட்ட காயம் அது.